மேலே மரம் தெரியும் வீட்டுக்கு வண்ணம் பார்ப்பது எப்படி: குமரி மாவட்டத்து ஓட்டு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

இரணியல் பக்கத்தில் இருக்கும் எங்கள் குடும்ப வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று முடிவானதும், எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கடையிலிருந்து வண்ண அட்டையை வாங்கி வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்து விரித்தேன். இளம் ரோஜா, பிஸ்கட், வெண்ணெய் மஞ்சள் என்று மூன்றைக் குறித்து வைத்தேன். அன்றைக்கு ஒரு கழுக்கோலை (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) மாற்றுவதற்காக ஆசாரி மாமா வந்திருந்தார். அட்டையைப் பார்த்தார், அப்புறம் அண்ணாந்து பார்த்தார். “மக்ளே, மேல கெடக்க நெறத்த மொதல்ல எழுதியாச்சா?” என்று கேட்டார்.

எழுதவில்லை. கூடத்துக்கு வெண்ணெய் மஞ்சளையே அடித்தோம். அட்டையில் அவ்வளவு இதமாக இருந்த நிறம், இரண்டு பலா உத்திரங்களுக்கும் பதினெட்டுக் கழுக்கோல்களுக்கும் கீழே வந்ததும் அழுக்கேறிய பழைய வேட்டி மாதிரி ஆகிவிட்டது. பெயிண்டில் குறை எதுவும் இல்லை. மேலே இருந்த மரமும் மஞ்சள், கீழே இருந்த சுவரும் மஞ்சள். மரத்தின் மஞ்சள் ஆழமானது. அதன் பக்கத்தில் சுவரின் மஞ்சள் வெளிறி, கறைபோலத் தெரிந்தது.

மரம் வெளியே தெரியும் வீட்டில் முதல் வண்ணத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அது ஏற்கெனவே மேலே இருக்கிறது. சுவர், தரை, கதவு, திரை எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வரிசையில் போனால் ஒவ்வொரு முடிவும் எளிதாகிவிடும்.

முதலில் மரத்தின் நிறத்தை எழுதுங்கள்

ஏணி போட்டு ஏறி, உத்திரத்தில் ஒரு கை அகலத்துக்கு ஈரத்துணியால் துடையுங்கள். ஒட்டடையும் தூசியும் போனால்தான் உண்மையான நிறம் தெரியும். காய்ந்ததும் அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடியுங்கள். வெறும் கண்ணுக்குப் ‘பிரவுன்’ என்று மட்டும் தெரிந்த மரம், வெள்ளைக்குப் பக்கத்தில் தன் உள்நிறத்தைக் காட்டிவிடும்: மஞ்சள் கலந்ததா, சிவப்பு கலந்ததா, கறுப்பு கலந்ததா. ஒரு நோட்டில் அறைவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். பகலில் ஒரு தடவை, விளக்கு போட்ட பிறகு ஒரு தடவை பாருங்கள்.

நம் மாவட்டத்தில் கூரையில் அதிகம் பார்ப்பது நான்கு மரங்கள்.

பலா அறுத்த புதிதில் நல்ல மஞ்சளாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டு வருடக்கணக்கில் அது ஆரஞ்சுப் பழுப்பாக முதிரும். இந்த மஞ்சள் சாதாரண மஞ்சள் இல்லை. பலாவின் வைரத்தை, அதாவது நடுமரத்தை, சீவிக் கொதிக்கவைத்து எடுத்த சாயத்தில்தான் இலங்கையிலும் பர்மாவிலும் பௌத்தத் துறவிகளின் உடைக்கு நிறம் ஏற்றினார்கள். துணிக்கே நிறம் கொடுக்கிற மரம் ஒரு அறையின் வெளிச்சத்துக்கும் கொடுக்கும்.

அயினி, பலாவுக்குப் பங்காளி. ஒரே இனத்து மரம்தான். ஆனால் நிறம் கொஞ்சம் அடங்கியது, தங்கப் பழுப்பு. இரண்டும் கலந்து போட்ட வீடுகள் ஏராளம். உத்திரம் அயினி, கதவு பலா என்று இருக்கும்.

தேக்கு பழையதாகி எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்திருந்தால் சிவப்புச் சாயல் மேலே வந்திருக்கும். அகஸ்தீஸ்வரம், ராஜாக்கமங்கலம் பக்கத்துப் பழைய வீடுகளில் பனங்கை, அதாவது பனைமரச் சட்டம், இருக்கும். முற்றிய பனையின் கறுப்பில் மெல்லிய வெளிர் கோடுகள் ஓடும். நான் பார்த்ததில் மிக அழகான கூரை மரம் அதுதான் என்பேன். ஆனால் அதற்கு வண்ணம் பார்ப்பதுதான் மிகக் கடினம்.

மரத்தின் உடம்பைப் பாருங்கள்

கோளாறு உள்ள மரத்துக்குக் கீழே புது வண்ணம் அடிப்பது வீண். சுத்தியல் காம்பால் அடி முதல் நுனி வரை தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால் அங்கே உள்ளே உளுத்திருக்கிறது. கீழே மாவு போல மரத்தூள் விழுந்திருந்தால் வண்டு துளைக்கிறது. சுவரிலிருந்து மண் வரி மேலே ஏறியிருந்தால் அது சிதல், அதாவது கரையான். உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஈரம் முதலில் சேர்வது அங்கேதான். வண்டுக்கு, உலர்ந்த மரத்தில் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசலாம். சிதலுக்கும், தாங்கு மரம் உளுத்ததற்கும் ஆசாரியைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஓடு ஒழுகிய இடத்தில் கறுப்புக் கோடு வழிந்திருக்கும். அது பெரும்பாலும் ஆணியின் வேலை. ஆணி துருப்பிடித்து, அந்த இரும்பு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேரும்போது கறுப்பு உண்டாகிறது. குளச்சல், முட்டம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் இது சீக்கிரமே வரும். ஆக்ஸாலிக் அமிலத்தை நீரில் கரைத்துத் தடவினால் அந்தக் கறை நன்றாகவே வெளுக்கும். விஷம் அது, கையுறை போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள்.

சமையலறைப் புகைக்கரிக்கு மிதமான சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். துணி சோடாவைக் கரைத்துத் தேய்க்கச் சொல்வார்கள். கரி போகும், ஆனால் காரம் பட்ட பலாவும் தேக்கும் திட்டுத்திட்டாகக் கறுத்துப்போகும். வெள்ளையடிக்கும்போது உத்திரத்தில் சுண்ணாம்பு தெறித்தாலும் இதே கதைதான். அதனால் மரத்தைக் காகிதம் ஒட்டி மூடிவிட்டுத்தான் சுவரைத் தொட வேண்டும்.

இன்னொன்று, இதை லேசாக விட்டுவிட வேண்டாம். பல வீடுகளில் உத்திரத்துக்கும் ஜன்னலுக்கும் பச்சை, சாக்லேட் நிறத்தில் எனாமல் அடித்திருப்பார்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஈரப்படுத்திச் சுரண்டி, விழுவதைத் தார்ப்பாயில் சேகரித்து மூட்டை கட்டுங்கள். அந்த வாரம் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் தங்கவையுங்கள்.

மரத்துக்கு நிறம் பூசலாமா?

பலா, அயினி, தேக்கு, பனை என்றால் பூச வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நூறு வருடம் காத்திருந்து வந்த நிறத்தை ஒரு டப்பா எனாமல் அரை நாளில் மூடிவிடும்; திரும்ப எடுக்க ஒரு மாதம் ஆகும். தேவையானது எண்ணெய் மட்டும். லின்சீட் ஆயிலில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து துணியால் தேய்த்து, அரை மணி நேரம் கழித்து உபரியைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் ஆயில் காயும்போது சூடு உண்டாகிறது; சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். திறந்த வெளியில் விரித்துப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் நம் ஊரில் பழைய வழக்கம். அண்டி ஆபீஸ்கள் (முந்திரி ஆலைகள்) நிறைந்த மாவட்டம் இது. பூச்சிக்கு நல்ல காவல்தான். ஆனால் மரத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்கிவிடும், தோலில் பட்டால் புண்ணாகும். வெளியே தெரியாத, ஓட்டுக்குக் கீழே அடிக்கும் பட்டியல் சட்டங்களுக்கு அது சரி. கூடத்து உத்திரத்துக்குப் பூசுவதாக இருந்தால், அறையின் மொத்த வண்ணத்தையும் கறுப்புக்கு ஏற்ற மாதிரி மாற்றி யோசிக்க வேண்டும் என்று தெரிந்தே செய்யுங்கள்.

பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஐந்து வகை மரம் கலந்த கூரையாக இருந்தால் விஷயம் வேறு. அங்கே புது மரங்களுக்கு மட்டும் பழையதை ஒட்டிய நிறத்தில் ஸ்டெய்ன் ஏற்றலாம். ரப்பர் மரமும் தேக்கும் பக்கத்தில் பக்கத்தில் வெறுமனே நின்றால் கண் அங்கேயே போய் நிற்கும்.

பத்மநாபபுரத்தில் ஒரு காலைப்பொழுது

பெயிண்ட் வாங்குவதற்கு முன் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு தடவை போய் வாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை. 1956இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் அரண்மனை அது. சிற்பம் பார்க்கிற கண்ணோடு போகாமல், நிறம் எண்ணுகிற கண்ணோடு போங்கள்.

பூமுகம் என்ற முன்வாசல் மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மரக்கூரை முழுக்கப் பூக்கள். 90 விதம் என்று சொல்வார்கள். அத்தனை வேலைப்பாட்டுக்கும் வண்ணம் என்று ஒன்றுமே இல்லை, மரத்தின் நிறம் மட்டும்தான். சுவர் சுண்ணாம்பு வெள்ளை. தரை கண்ணாடி போன்ற கறுப்பு. அதில் ஜன்னல் வெளிச்சமும் கூரையும் மங்கலாகத் தெரியும். வெள்ளை, பழுப்பு, கறுப்பு என்று பெரிய பரப்புகள் எல்லாம் இந்த மூன்றில் அடங்கிவிடுகின்றன. மேலே, அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்குப் போனால் மட்டும் ஜன்னல்களில் நிற மைக்கா பதித்திருக்கிறார்கள். வெயில் அதன் வழியாக வரும்போது இருண்ட மரத்தின் மேல் சின்னச் சின்னச் சிவப்பும் மஞ்சளுமாக விழும். அறைக்குள் பளிச்சென்ற நிறம் அவ்வளவுதான். அந்த அறையைவிட்டு வெளியே வர எனக்கு மனமே வரவில்லை.

மரம் அதிகம் இருக்கும் இடத்தில் பளிச் நிறத்துக்கு உள்ளங்கை அளவு இடம் போதும் என்பதை நான் அங்கேதான் கண்ணால் கற்றுக்கொண்டேன்.

வெளிச்சத்தை அளந்துகொள்ளுங்கள்

நம் ஓட்டு வீடுகளில் இறவாரம் தாழ்ந்து இறங்கும். ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையுமாக வருடத்தில் இரண்டு பருவமழை அடிக்கும் இடத்தில் அது அவசியம். அதனாலேயே நடுப்பகலிலும் அறைக்குள் அரை வெளிச்சம்தான் இருக்கும். கடையின் டியூப் லைட்டில் பார்த்த நிறம் இங்கே இரண்டு படி இருண்டு தெரியும். அதனால் அட்டையில் பிடித்த நிறத்துக்கு அதே வரிசையில் இரண்டு படி வெளிறியதை எடுங்கள்.

கறுத்த மூலை இருந்தால் பெயிண்டால் அதை வெளிச்சமாக்க முயலாதீர்கள். இரண்டு ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போடுங்கள். முற்றத்துக்குத் திறக்கும் பக்கத்தில் சுவர் வெளிர் நிறமாக இருந்தால் முற்றத்து வெளிச்சம் அதில் பட்டு உள்ளே தெறிக்கும்.

விளக்கு விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று எழுதியிருக்கும் வெள்ளை எல்இடி டியூபின் கீழே சிவப்பு, ஆரஞ்சு மரமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். மரம் உள்ள அறைக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரை உள்ள பல்பு வாங்குங்கள். பெட்டியில் சிஆர்ஐ 90 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் இன்னும் நல்லது, நிறங்கள் அதனதன் நிறத்தில் தெரியும். படிக்கிற மேசைக்கு மட்டும் வெள்ளை விளக்கு தனியாக வைத்துக்கொள்ளலாம். பல்பை மாற்றிவிட்டுத்தான் வண்ணம் தேர்ந்தெடுக்க வேண்டும், முன்னால் இல்லை.

சுவர் எதனால் ஆனது?

நான் பட்ட பெரிய அடி இங்கேதான். எங்கள் வீட்டுச் சுவர் மண்ணும் வெட்டுக்கல்லும், மேலே சுண்ணாம்புச் சாந்து. பெயிண்டர் அண்ணன் பட்டி போட்டு, பிரைமர் அடித்து, துடைத்தால் பளபளக்கும் எமல்ஷன் அடித்தார். வேலை சுத்தமான வேலை. ஆனாலும் அடுத்த ஆடிக்குள் முழங்கால் உயரத்துக்குச் சுவர் அம்மை போட்ட மாதிரி கொப்பளித்தது. விரலால் தொட்டால் தோல் உரிவது போல உரிந்து வந்தது, உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு.

காரணம் எளிது. பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரம் மேலே ஏறும், சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஆவியாகி வெளியேறும். எமல்ஷன் என்பது ஒரு தோல். அது வாயை மூடிவிட, ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கித் தள்ளுகின்றன.

ஆகவே ஆணியால் ஒரு மறைவான இடத்தில் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கடினமாக இருந்தால் சிமென்ட் பூச்சு. அதற்குப் பளபளப்பு இல்லாத மேட் எமல்ஷன் போதும். மினுங்குகிற பெயிண்ட் வேண்டாம். கழுக்கோல்களின் நிழல் எல்லாம் அதில் கோடு கோடாகத் தெரியும். வெள்ளையாக, மாவு போல உதிர்ந்தால் அது சுண்ணாம்பு. அதற்குச் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும். ஏற்கெனவே எமல்ஷன் ஏறியிருந்தால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு கோடைக்காலம் சுவரை வெறுமனே காயவிடுங்கள். நாங்கள் மாசி முதல் வைகாசி வரை விட்டோம்.

நிறச் சுண்ணாம்பு கலக்கும் முறை

சிப்பிச் சுண்ணாம்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர். இரும்பு டிரம்மிலோ மண் தொட்டியிலோ நீற்றுங்கள். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும். தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பில் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். குறைந்தது இரண்டு நாளாவது ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

நிறத்துக்கு மண் நிறங்களும் ஆக்சைடு பொடிகளும்தான் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். காவி, மஞ்சள் காவி, கறுப்பு ஆக்சைடு, பச்சை ஆக்சைடு, சலவை நீலமாக நாம் பார்க்கிற அல்ட்ராமரின் நீலம் ஆகியவை நிற்கும். வீட்டு மஞ்சளைக் கலக்கலாமா என்று எங்கள் சித்தி கேட்டார். ஆரத்தித் தட்டை நினைத்துப் பாருங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவந்துவிடும், வெயிலில் சீக்கிரம் வெளுத்தும் போகும். சுவருக்கு அது ஆகாது.

பொடி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கையில் ஒட்டும். பொடியை நேரே தொட்டியில் போடாமல் தனியே கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, கட்டி இல்லாமல் கரைத்துச் சேருங்கள். ஈரத்தில் பார்க்கும் நிறத்தை நம்பாதீர்கள். காய்ந்தால் பல மடங்கு வெளிறும். எங்கள் சுவரில் ஈரமாக இருந்தபோது செங்கல் மாதிரி பயமுறுத்தியது, மறுநாள் பார்த்தால் சிப்பியின் உட்புறம் போல மெல்லிய இளஞ்சிவப்பு.

சுவரை முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். மட்டையால் மெல்லிய பூச்சாக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. நேர்வெயில் படும் நேரத்தில் அடிக்காதீர்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெதுவாக இழுத்துத்தான் மறுபடி கல்லாகிறது. அவசரமாகக் காய்ந்தால் மாவாக உதிரும்.

எந்த மரத்துக்கு எந்தச் சுவர்

முடிவு செய்வதற்கு முன் இரண்டுக்கு இரண்டு அடிப் பலகையில் அடித்துக் காயவைத்து, உத்திரத்தின் அருகே பிடித்துப் பாருங்கள். காலை, மதியம், விளக்கு வெளிச்சம் என்று மூன்று வேளை. ஒரு வாரம் அங்கேயே சாய்த்து வைத்தால் இன்னும் நல்லது. என் நோட்டில் நிற்பவை இவை.

பலாவுக்கு மஞ்சளும் கிரீமும் வேண்டாம். வெள்ளையில் ஒரு சிட்டிகை காவி சேர்த்தால் போதும், மரத்தின் ஆரஞ்சு தன் சொந்தக்காரரைக் கண்டது போல அமைதியாகும். மரம் இன்னும் பளிச்சென்று எழ வேண்டும் என்றால் வெளிர் நீலச் சாம்பல். ஆரஞ்சுக்கு எதிர் நிறம் நீலம். பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஆனால் நான்கு சுவருக்கும் அடித்தால் மரம் கத்த ஆரம்பித்துவிடும், ஒரு சுவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அயினிக்குப் பச்சை. இலைப்பச்சை இல்லை, பாசி காய்ந்த மாதிரி சாம்பல் கலந்த பச்சை. பச்சை ஆக்சைடோடு துளிக் கறுப்பும் துளி மஞ்சள் காவியும் சேர்த்தால் வரும். ஜன்னலுக்கு வெளியே வாழையும் தென்னையும் நிற்கும் வீட்டில், குலசேகரம் பக்கம் என்றால் ரப்பர்த் தோட்டமே நிற்கும், இது வெளியையும் உள்ளையும் ஒன்றாக்கிவிடும். எங்கள் மாமா வீட்டுப் படிப்புரையில் (வாசல் முகப்பு) இப்படித்தான் அடித்தோம். இதுவரை பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்த சுவர்.

சிவந்து கறுத்த தேக்குக்குக் காவி கலந்த இளஞ்சிவப்பும் பொருந்தும், சாதா வெள்ளையும் பொருந்தும். அதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம்.

பனங்கைதான் சிரமம் கொடுக்கும். கறுப்புக்குப் பக்கத்தில் தூய வெள்ளை வைத்தால் கூரை முழுக்க வரி வரியாகி, படுத்துக்கொண்டு பார்க்கும்போது கண் ஓயாது. மஞ்சள் காவி கலந்த மணல் நிறம் அடியுங்கள். கறுப்புக்கும் சுவருக்கும் உள்ள தூரம் குறையும். அந்த வெளிர் கோடுகள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

மரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு

மரத்தட்டு (பலகைக் கூரைத்தட்டு) போட்ட தாழ்ந்த அறை என்றால், சுவர் நிறத்தை உத்திரம் வரை நிறுத்தாமல் கொண்டுபோங்கள். நடுவில் பார்டர், பட்டை எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கோடும் உயரத்தை வெட்டும். உயர்ந்த ஓட்டுக் கூரை என்றால் மறுபடி யோசிக்கலாம். கதவு நிலையின் உயரம் வரை நிறம், அதற்கு மேலே வெள்ளை என்று பிரித்தால் மேல்பகுதி வெளிச்சத்தைக் கீழே அனுப்பும்.

ஓட்டின் அடிப்புறத்துக்கு வெள்ளை அடிக்கிறவர்கள் உண்டு. நான் அடிக்க மாட்டேன். சுட்ட மண்ணின் சிவப்பும் மரத்தின் பழுப்பும் ஒரே குடும்பம். அறை மிகவும் இருட்டாக இருந்தால் மட்டும் சீலிங் ஓட்டுக்கு, துளிக் காவி கலந்த வெள்ளை.

தரையும் கதவும்

சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் உடைக்காதீர்கள். வெடிப்பை அடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவந்தால் மெருகு திரும்பும். மேலே மரம், கீழே சிவப்பு, நடுவில் வெளிர் சுவர் என்றால் அறை தானாகவே சமநிலையில் நிற்கும். சுவரோரம் நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை வைத்தால் தரை முடியும் இடம் தெளிவாகும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் சிவப்பு மணலும் கறுப்பு மணலும் அலை ஒதுக்கிய வரி வரியாகக் கிடப்பதைப் பார்த்திருந்தால், இந்தச் சேர்க்கை ஏன் கண்ணுக்குப் பழகியதாக இருக்கிறது என்று புரியும்.

வெள்ளை வெளேரென்ற பளபள டைல்ஸ் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால், பெரிய கோரைப்பாய் ஒன்றை விரியுங்கள். தரை அடங்கும்.

கதவும் ஜன்னலும் உத்திரத்தின் மரமே என்றால் எண்ணெய் மட்டும். பின்னால் மாற்றிய ஜன்னல்கள் என்றால் அவற்றுக்கு நிறம் கொடுக்கலாம்: பலா வீட்டுக்குக் கரும்பச்சை, பனை வீட்டுக்குக் காவிச் சிவப்பு. சுவர் வெளிறி இருக்கும் வீட்டில் இது நன்றாக எடுபடும்.

உள்ளங்கை அளவு பளிச் நிறம்

வடசேரி கோவில் நகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பொன், அதன் மேல் நெருக்கமாகச் சிவப்புக் கல், எங்கோ ஓரிடத்தில் ஒரு பச்சை. அந்தப் பச்சையை எடுத்துவிட்டால் சிவப்பின் அழகே குறையும். அறைக்கும் அதே கணக்கைத்தான் வைத்துக்கொண்டேன். மரம் பொன், தரை சிவப்பு, ஒரே ஒரு இடத்தில் எதிர் நிறம். எங்கள் கூடத்தில் அது ஒரு மயில்நீல மெத்தை உறை. இன்னொன்று சேர்த்துப் பார்த்தேன். இரண்டுமே கண்ணில் நிற்கவில்லை, இரண்டாவதை எடுத்துவிட்டேன்.

திரைக்குக் கரை வைத்த நேரியல் (மேல்துண்டு) துணி போதும். சாயம் ஏற்றாத பருத்தி வெள்ளை, மேலே மெல்லிய கரை; காற்றும் வரும், மரத்தோடு சண்டையும் இல்லை. பித்தளைக் குத்துவிளக்கும் வார்ப்புப் பாத்திரமும் மஞ்சள் மரத்துக்குத் தம்பி தங்கை மாதிரி, எங்கே வைத்தாலும் பொருந்தும். தோவாளையிலிருந்து வரும் பூவை ஒரு உருளியில் மிதக்கவிட்டால், அன்றைய நிறத்தை அன்றன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம். அரளிச் சிவப்பு ஒரு நாள், செவ்வந்தி ஒரு நாள்.

எப்போது தொடங்குவது

மரத்துக்கு எண்ணெய் பூசும் வேலை மாசி, பங்குனியில். சுவர் வேலை பங்குனிக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் இடைப்பட்ட மாதங்களில் அரைகுறையாக இழுக்காமல் மார்கழி கடைசி வரை பொறுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கமும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது, மழை விட்டுச் சுவர் காய்ந்திருக்கும். மேற்குத் தாலுகாக்களில் மலையோர வீடுகளில் பூசணம் பூக்கும். சுண்ணாம்பின் காரம் அதைத் தள்ளிப்போடும் என்றாலும், அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் காற்றோடு தூசி வரும், உத்திரத்தின் மேல்பரப்பை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை துடைக்க வேண்டியிருக்கும்.

நிறச் சுண்ணாம்பு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஒரு கை மேல்பூச்சு கேட்கும். அதே நிறம் மறுபடி வர வேண்டுமென்றால் அளவு வேண்டும். கலக்கிய அன்றே எடை போட்டு எழுதிவைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அரங்கு என்ற உள்ளறைக் கதவின் பின்புறம், பலாப் பலகையில் பென்சிலால் எழுதியிருக்கிறது: “சுண்ணாம்பு 10 கிலோ, காவி 200 கிராம், கூடம்.” அதற்குக் கீழே அடுத்த பூச்சுக்கு இடம் விட்டிருக்கிறேன்.